லேசிக்கோ ஸ்மைலோ எண்டு கேக்க முதல், கோர்னியாவில எவ்வளவு மிஞ்சும் எண்டு கேளுங்கோ

யாழ்ப்பாணத்தில ஒரே வீட்டுக்குள்ள மூண்டு பேர் "எனக்கும் கண்ணுக்கு லேசர் அடிச்சது" எண்டு சொல்லுவினம், மூண்டும் மூண்டு வேற விசயமா இருக்கும். அப்பம்மாக்கு கற்றறாக்ற் ஒப்பரேசன் செய்து ரெண்டு மூண்டு வருசத்தால திரும்பப் புகார் அடிச்ச மாதிரி மங்கிப்போய், வைச்ச லென்சுக்குப் பின்னால இருந்த சவ்வைத் திறக்க அடிச்சது யாக் லேசர். அப்பாக்கு சீனி வருத்தத்தால விழித்திரையில ரத்தம் கசிய, அதை அடக்க அடிச்சது விழித்திரை லேசர். மகள் மைனஸ் 5 கண்ணாடியைக் கழட்டி வைக்க அடிச்சது கோர்னியாவுக்கு, அதாவது கண்ணின்ர முன்பக்கக் கண்ணாடித் தோலுக்கு. இஞ்ச கதைக்கப்போறது இந்த மூண்டாவதை மட்டும்தான். மூண்டையும் ஒண்டாப் போட்டுக் குழைக்கிறதாலதான் "மாமாக்கும் லேசர் அடிச்சவை, பார்வை வரேல்லை, நீ செய்யாத பிள்ளை" எண்ட புத்திமதி எல்லாம் வருது. மாமான்ர லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாத்த அடிச்சது, கண்ணாடி கழட்ட இல்லை.

சரி, மூண்டாவதுக்குள்ள வந்தால் அங்கயும் ஒரு சந்தை இரைச்சல். லேசிக், ஃபெம்ரோ லேசிக், கொன்ரூரா, ஸ்மைல், ஸ்மைல் ப்ரோ, சில்க், ட்ரான்ஸ் பிஆர்கே எண்டு பேர் நீண்டுகொண்டு போகுது, கனடாவில இருக்கிற மச்சாள் ஒண்டைச் சொல்லுவா, சென்னை ஆஸ்பத்திரி விளம்பரம் இன்னொண்டைச் சொல்லும், கேக்கிற ஆள் கடைசியா "ஆகப் புதுசு எது, அதையே செய்வம்" எண்டு முடிவெடுக்கும். ஃபோன் வாங்க அது சரிவரும், கோர்னியாவுக்குச் சரிவராது, ஏன் எண்டு அடியில இருந்து பாப்பம்.

கண்ணாடி ஏன் தேவைப்படுது

கண்ணுக்கு முன்னால இருக்கிற கண்ணாடி மாதிரியான தோல்தான் கோர்னியா, சயன்ஸ் புத்தகத்தில விழிவெண்படலம் எண்டு படிச்சிருப்பியள். முழுக் கண்ணும் சேந்து வெளிச்சத்தை வளைக்கிற பலம் கிட்டத்தட்ட 60 டயொப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கிற அலகு), அதில 43 அளவு கோர்னியா ஒண்டே செய்யுது, மிச்சம்தான் உள்ள இருக்கிற லென்சின்ர பங்கு. அதாவது கண்ணாடிப் பவரை மாத்தவேணும் எண்டால் ஆகச் சுகமாக் கை வைக்கக்கூடிய இடம் கோர்னியாதான்.

குறும்பார்வை எண்டால், நாங்கள் வழக்கமாச் சொல்ற ஷோட் சைற், கண் நீளத்தில கொஞ்சம் கூட வளந்திட்டுது, அதால தூரத்துப் படம் விழித்திரைக்கு வரமுதலே குவிஞ்சிடுது. லேசர் நீளத்தைக் குறைக்கிறேல்லை. கோர்னியாவின்ர நடுவில கொஞ்சச் சதையை எடுத்து அதைச் சப்பையாக்குது, வளைக்கிற பலம் குறைய படம் பின்னுக்குப் போய் சரியான இடத்தில விழுது. சீட்டில சிலிண்டர் எண்டு போட்டிருந்தால், அதாவது கோர்னியா ஒரு பக்கம் கூட வளைஞ்சிருந்தால், ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தை விடக் கூடச் சீவவேணும். பிளஸ் பவருக்கு நடுவை விட்டிட்டு சுத்திவர வளையமா எடுக்கவேணும், அது கொஞ்சம் சிக்கலான வேலை, பழைய பவர் திரும்பி வாற சாத்தியமும் கூட.

இதில ரெண்டு விசயம் மனசில இருக்கட்டும். ஒண்டு, எடுக்கிற சதை திரும்ப வளராது. கோர்னியாவின்ர மேல்தோல், கிட்டத்தட்ட 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் எண்டால் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு), அது உரிஞ்சால் சில நாளில திரும்ப மூடும், ஆனால் அதுக்குக் கீழ இருக்கிற ஸ்ட்ரோமா எண்ட தடிச்ச படை போனால் போனதுதான். ரெண்டாவது, முழுக் கோர்னியாவே நடுவில சராசரியா 540, 550 மைக்ரோன்தான், அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. இவ்வளவுதான் முதல், இதுக்குள்ளதான் எல்லாச் செலவும்.

(1961 இல டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கின கண்தானச் சங்கத்தால எத்தினையோ நாட்டுக்கு கோர்னியா அனுப்பின நாடு இது. அதின்ர பெறுமதி வேற ஆக்களை விட எங்களுக்குக் கொஞ்சம் கூட விளங்கவேணும்.)

பேர் பத்து, லேசர் ரெண்டு

எவ்வளவு பேர் சொன்னாலும் அடியில வேலைசெய்யிறது ரெண்டே ரெண்டு லேசர்தான்.

1. எக்சைமர். 193 நனோமீற்றர் புறஊதா வெளிச்சம். இது ஒரு சீவுளி, மேற்பரப்பில படுற இடத்தில ஒவ்வொரு அடிக்கும் மைக்ரோனிலும் குறைவாச் சதையை ஆவியாக்கிக்கொண்டு போகும், பக்கத்துச் சதையைச் சுடாது. 1981 இல ஐபிஎம் கம்பனியில சீனிவாசன் எண்ட விஞ்ஞானியும், பிளம், வைன் எண்ட ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது. சீனிவாசன் சென்னையில பிறந்து மெட்ராஸ் யுனிவர்சிற்றியில படிச்ச ஆள். தாங்க்ஸ்கிவிங் விருந்தில மிஞ்சின வான்கோழி எலும்பிலயும் குருத்தெலும்பிலயும்தான் முதல் அடிச்சுப் பாத்தவை. கம்பனியில பிளாஸ்ரிக்கில கோடு போடப் பாவிச்ச மெசின், கறித்துண்டில அடிச்சுப் பாத்ததால கண்ணுக்கு வந்தது.

2. ஃபெம்ரோ செக்கன் லேசர். கோடியைக் கோடியால பெருக்கி அதைத் திரும்ப 10 ஆல பெருக்கினால் வாற எண்ணிக்கைத் துண்டா ஒரு செக்கனை வெட்டினால் ஒரு துண்டுதான் ஃபெம்ரோ செக்கன். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், கோர்னியாவின்ர மேல் படையைத் தொடாமல் ஊடுருவிப் போய், குவியிற புள்ளியில மட்டும் ஒரு நுண்ணிய குமிழியை உண்டாக்கும். லட்சக்கணக்கில குமிழியை வரிசையா அடுக்கினால் உள்ளுக்குள்ள ஒரு வெட்டு விழும், முத்திரைத்தாளில ஓட்டை ஓட்டையாக் குத்திக் கிழிக்க வசதி செய்யிறதைப் போல. இந்தக் குறுகின துடிப்பை பலமாக்கிற வழியை 1985 இல கண்டவைக்குத்தான், மூறுவுக்கும் ஸ்ட்ரிக்லண்டுக்கும், 2018 பௌதிகவியல் நோபல் பரிசில பாதி போனது.

சீவிறது ஒண்டு, வெட்டுறது மற்றது. இனி வாற எல்லாப் பேரும் இந்த ரெண்டின்ர கலவைதான்.

மூண்டு வழி

1. பிஆர்கே. ஆகப் பழசு, அமெரிக்காவில மருந்தையும் மருத்துவக் கருவியையும் அனுமதிக்கிற எஃப்டிஏ 1995 இல அனுமதிச்சது. மேல்தோலை வழிச்சு எடுத்திட்டு அதுக்குக் கீழ நேர எக்சைமரால சீவுறது. வெட்டே இல்லை. பிறகு புண் மூடும் வரைக்கும் ஒரு மெல்லிய கொன்ராக்ற் லென்ஸ் கட்டுத்துணி மாதிரி நாலைஞ்சு நாள் கண்ணில இருக்கும். ரெண்டு மூண்டு நாள் நல்லா நோகும், கண்ணீர் ஓடும், வெளிச்சம் பாக்கேலாது, பார்வை தெளிய வாரக்கணக்காகும். கூடின பவருக்கு வெண்மை படர்ற ஆபத்தும் இருக்கு, அதைத் தடுக்க மைற்றோமைசின் எண்ட மருந்தை ஒப்பரேசன் நேரம் கொஞ்சம் தடவுவினம். ட்ரான்ஸ் பிஆர்கே எண்டு வாறது இதேதான், மேல்தோலையும் கையால வழிக்காமல் லேசராலயே எடுக்கிறது, அவ்வளவுதான் புதுமை.

2. லேசிக். இளநி சீவேக்க மேல் மூடியை முழுசா வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டவிட்டுத் திறக்கிறவை எல்லே, அதேதான். கோர்னியாவில 100, 120 மைக்ரோன் தடிப்பில ஒரு மூடி வெட்டி, அதைப் புரட்டி வைச்சிட்டு, உள்ள எக்சைமரால சீவி, மூடியைத் திரும்ப மூடுறது. முந்தி மூடியை ஒரு சின்னச் சவர அலகு மெசினால வெட்டினவை, இப்ப ஃபெம்ரோ லேசரால வெட்டினம், அதுதான் ஃபெம்ரோ லேசிக். "பிளேட் இல்லாத லேசிக்" எண்டு விளம்பரத்தில போடுறதும் இதுதான். கொன்ரூரா எண்டது தனி ஒப்பரேசன் இல்லை, சீவுற வடிவத்தை உங்கட கோர்னியாவின்ர மேடுபள்ளத்தைப் பாத்து தீர்மானிக்கிற ஒரு முறை. லேசிக்கில நோவு ஒரு நாள்கூடப் பெரிசா இராது, அடுத்த நாள் காலமை சுவரில தொங்கிற கலண்டரை கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம். அந்த ஒரு நாள் அதிசயம்தான் லேசிக்கை உலகம் முழுக்க விலைப்பட வைச்சது.

3. ஸ்மைல். ஜேர்மனியில செக்குண்டோவும் பிளமும், முதல் சொன்ன பிளம் இல்லை இது வேற ஆள், தொடக்கி வைச்சது. எஃப்டிஏ 2016 இல அனுமதிச்சு 2018 இல சிலிண்டர் பவருக்கும் விரிச்சது. இதில எக்சைமரே இல்லை. ஃபெம்ரோ லேசர் கோர்னியாவுக்கு உள்ளுக்குள்ளயே மேலயும் கீழயும் ரெண்டு வெட்டுப் போட்டு ஒரு மெல்லிய வில்லையைப் பிரிக்கும். பிறகு 2 தொடக்கம் 4 மில்லிமீற்றர் ஓட்டையால டொக்டர் அந்த வில்லையை இழுத்து எடுப்பார். மூடி திறக்கிறேல்லை. ஸ்மைல் ப்ரோ, சில்க், கிளியர், ஸ்மார்ட்சைற் எண்டதெல்லாம் வேற வேற கம்பனியளும் புது மெசினும் இதே யோசனையைச் செய்யிற பேர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கோ

விளம்பரம் சொல்லாத இடம் இதுதான், அதால இதில கொஞ்சம் நிப்பம்.

எவ்வளவு சதை எடுக்கவேணும் எண்டதுக்கு மன்னர்லின் எண்டவர் சொன்ன ஒரு சின்னச் சூத்திரம் இருக்கு. சீவுற வட்டத்தின்ர விட்டத்தை மில்லிமீற்றரில எடுத்து வர்க்கமாக்கி, பவரால பெருக்கி, 3 ஆல பிரிக்க வாறது மைக்ரோனில ஆழம். 6.5 மில்லிமீற்றர் வட்டம் எண்டால் ஒரு டயொப்டருக்கு கிட்டத்தட்ட 14 மைக்ரோன். மெசினுக்கு மெசின் கொஞ்சம் கூடும், ஆனால் மனக்கணக்குக்கு இது காணும்.

இப்ப ஒரே மைனஸ் 6 பவர் உள்ள ரெண்டு பேரை எடுப்பம். எடுக்கவேண்டிய சதை ரெண்டு பேருக்கும் 85 மைக்ரோன்.

1. முதல் ஆளின்ர கோர்னியா 550. லேசிக் மூடி 110, சீவுறது 85, மிஞ்சுறது 355. ஒரு கரைச்சலும் இல்லை.

2. ரெண்டாவது ஆளின்ர கோர்னியா 490. அதே லேசிக்கில மிஞ்சுறது 295. மூடிக்குக் கீழ 250 க்குக் குறையக்கூடாது எண்டது பழைய வரம்பு, இப்ப கன டொக்டர்மார் 300 எண்டு வைச்சிருக்கினம். இன்னொரு அளவுகோலும் இருக்கு, மூடியும் சீவினதும் சேத்து முழுத் தடிப்பில 40 வீதத்தை எட்டக்கூடாது எண்டு. இவருக்கு 195 ஐ 490 ஆல பிரிச்சால் கிட்டத்தட்ட 39.8, விளிம்பில நிக்கிறார்.

3. அதே ரெண்டாவது ஆளுக்கு ஸ்மைல் செய்தால்? மேல மூடிக்கொண்டு நிக்கிற படை வழமையா 120. வில்லையை கிழியாமல் இழுக்க அதுக்கு அடியில 10, 15 மைக்ரோன் கூட விடவேணும், அதால வில்லை 100 க்குக் கிட்ட. 490 இல 220 போக 270. லேசிக்கை விடக் குறைவு.

4. அதே ஆளுக்கு பழைய பிஆர்கே செய்தால் மூடி இல்லை, திரும்ப வளர்ற மேல்தோல் 50 ஐக் கழிச்சு, சீவின 85 ஐக் கழிச்சு, 355 முழுசா மிஞ்சும். முதல் ஆளுக்கு லேசிக்கில மிஞ்சின அதே அளவு.

"ஸ்மைலில சதை கூட மிச்சம்" எண்டு வாயாலயும் விளம்பரத்தாலயும் பரவின கதை, எண்ணிக்கையில பாத்தால் பிழை. ஆனால் கதை அதோட முடியேல்லை. கோர்னியாவின்ர பலம் எல்லா ஆழத்திலயும் ஒண்டில்லை, மேல்ப் பக்கத்து நார்தான் பின்னிப் பிணைஞ்சு உறுதியா இருக்கிறது, கீழ போகப்போக இளகும். லேசிக்கில அந்த மேல் நாரைச் சுத்திவர வெட்டுறம், மூடி திரும்ப ஒட்டினாலும் பழைய பலம் வராது. ஸ்மைலில அது கிட்டத்தட்ட முழுசா நிக்குது. அதால 270 எண்டாலும் அந்த 120 உம் கொஞ்சம் தாங்கும் எண்டது தர்க்கம். தர்க்கம் நல்லது, ஆனால் ஸ்மைல் செய்த பிறகும் கோர்னியா இளகி முன்னுக்குத் தள்ளின கேஸ்கள் பதிவாகி இருக்கு, அதால லேசிக்குக்குப் பாக்கிற அதே கண்டிப்போடதான் ஸ்மைலுக்கும் பாக்கவேணும். "உங்கட கோர்னியா லேசிக்குக்குக் காணாது, ஆனால் ஸ்மைல் செய்யலாம்" எண்டு ஒராள் சொன்னால் அந்த இடத்தில எழும்பி இன்னொரு டொக்டரிட்டப் போறது நல்லது.

அப்ப புதுசில என்னதான் லாபம்

பார்வையில இல்லை. மூண்டு மாசம் ஆறு மாசம் கழிச்சு சுவர் அட்டையில எழுத்து வாசிக்கவிட்டால் லேசிக் ஆளையும் ஸ்மைல் ஆளையும் பிரிச்சுச் சொல்லேலாது, முதல் சில நாள் லேசிக்தான் முன்னுக்கு நிக்கும். லாபம் வேற இடத்தில.

கண் காயிறது. கோர்னியாக்குள்ள நரம்புகள் ஓரத்தில இருந்து நடுவுக்கு வருது. லேசிக் மூடி வெட்டேக்க ஒட்டவிட்ட பக்கம் தவிர கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் சுத்தி வெட்டுப்படுது. உணர்ச்சி குறைய கண் சிமிட்டுறதும் கண்ணீர் சுரக்கிறதும் குறையுது. ஸ்மைலில வெட்டுறது 2, 4 மில்லிமீற்றர்தான், அதால முதல் மாசங்களில கண் காயிறதும் எரிவும் குறைவு. ஒரு வருசத்துக்குக் கிட்ட வரேக்க ரெண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிடும். எஃப்டிஏ தானே நடத்தி 2017 இல வெளியிட்ட லேசிக் ஆய்வில, முன்னம் கண் காயிற கரைச்சல் இல்லாதவையில 30 வீதம் வரைக்கும் மூண்டாவது மாசம் அது இருக்கு எண்டவை. வெளிச்ச வளையம், கதிர் மாதிரி ஒண்டும் முன்னம் இல்லாதவையில 46 வீதம் வரை ஏதோ ஒண்டு புதுசா வந்ததாச் சொன்னவை. அதுக்காகப் பயந்து ஓடத் தேவையில்லை, வேலையே செய்யேலாத அளவுக்கு கரைச்சல் எண்டவை 1 வீதத்துக்கும் குறைவு, திருப்தி எண்டவை 95 வீதத்துக்கு மேல. ஆனால் சோளகக் காத்து அடிக்கிற மாசங்களில மோட்டச்சைக்கிளில கண்டி வீதியால போறவைக்கும், ஏசி அறைக்குள்ள நாள் முழுக்க கொம்பியூட்டர் பாக்கிறவைக்கும் 30 வீதம் எண்டது சின்ன எண் இல்லை. இரவில எதிரில வாற லொறி ஹைபீமைப் போட்டுக்கொண்டு வரேக்க அந்த வளையம் என்ன செய்யும் எண்டும் யோசிக்கவேணும்.

மூடி நகர்றது. லேசிக் மூடி ஒட்டினாலும் பலமான அடி பட்டால் வருசக்கணக்குக்குப் பிறகும் நகர்ந்த கேஸ்கள் இருக்கு. ஃபுட்போல், கராத்தே, பொலிஸ், ஆமி வேலை எண்டு முகத்தில அடி படக்கூடிய ஆக்களுக்கு பிஆர்கே அல்லது ஸ்மைல்தான் சரி, இதில எனக்கு ரெண்டாம் யோசனை இல்லை.

நட்டம் எங்க? ரெண்டு இடம். ஒண்டு, ஸ்மைலில கொஞ்சம் பவர் மிஞ்சிப்போனால் திருத்துறது சிக்கல். லேசிக்கில மூடியைத் தூக்கி திரும்பச் சீவலாம், ஸ்மைலில தூக்க மூடி இல்லை, பெரும்பாலும் மேல பிஆர்கே செய்யவேணும், அதாவது தவிர்க்க நினைச்ச அந்த நோவு திரும்ப வரும். மற்றது, கோர்னியாவின்ர மேடுபள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு புள்ளியாச் சீவுற நுட்பம் எக்சைமருக்குத்தான் வரும். கோணலான கோர்னியா, ஒழுங்கில்லாத சிலிண்டர் எண்டால் புதுசை விட பழைய லேசர்தான் கெட்டிக்காரன்.

"ப்ரோ" எண்டதில என்ன கூட? படுத்திருக்கிற ஆளின்ர பக்கத்தில இருந்து பாருங்கோ. மரக்கிற சொட்டு மருந்து விட்டு, இமையைப் பிடிச்சு வைச்சு, கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒண்டு மெதுவா வந்து கண்ணில பட்டு உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு பச்சை வெளிச்சம் தெரியும், "அதையே பாருங்கோ" எண்டுவினம். லேசர் ஓட ஓட உள்ள குமிழி நிறைஞ்சு அந்தப் பச்சை மங்கிக்கொண்டு போய் மறையும், அந்த இடத்திலதான் ஆக்கள் பதகளிச்சு வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை அசைப்பினம், உறிஞ்சல் விட்டிடும், வேலை பாதியில நிக்கும். பழைய மெசினில இந்தக் கட்டம் அரை நிமிசத்துக்குக் கிட்ட, புதுசில 10 செக்கனுக்குள்ள முடியும். பதகளிக்கிற ஆளுக்கு அந்த 20 செக்கன் உண்மையான லாபம்தான். ஆனால் "ப்ரோ" எண்டதை வைச்சு பார்வை கூட வரும் எண்டு விலை கூட்டினால் அது வியாபாரம்.

எதுவுமே அடிக்கக்கூடாத கண்

கேரற்றோகோனஸ் எண்டு ஒரு வருத்தம் இருக்கு, கோர்னியா தானாவே மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளும், பெரும்பாலும் பதின்ம வயசிலயும் இருபதுகளிலயும் தொடங்கும், தெற்காசிய ஆக்களுக்கு வாறது கூட. அலர்ஜியால கண்ணை விரல் முட்டியால போட்டு உரஞ்சுற பழக்கம் அதைத் தள்ளிவிடும். தொடக்கத்தில கண்ணாடிக் கடையில பாத்தால் சும்மா சிலிண்டர் கூடின மாதிரித்தான் தெரியும். அந்தக் கண்ணில லேசர் போட்டுச் சதையை எடுத்தால் கூம்பு வேகமாத் தள்ளும், பிறகு கோர்னியா மாத்திற வரைக்கும் போகலாம். அதுக்குத்தான் ஒப்பரேசனுக்கு முதல் பென்ரகாம் மாதிரி மெசினில கோர்னியாவின்ர முன்பக்கம், பின்பக்கம், தடிப்பு மூண்டையும் கலர் வரைபடமா எடுக்கிறது. பின்பக்கம் முக்கியம், கூம்பு முதல்ல காட்டுறது அங்கதான். தடிப்பு மட்டும் அளந்து போட்டு ஓம் எண்டு சொல்ற இடம் எண்டால் போகாதையுங்கோ.

வேற ஆருக்கு வேண்டாம், வேகமாச் சொன்னால்: 18 வயசு வராதவை, கடந்த ஒரு வருசத்தில அரை டயொப்டருக்கு மேல பவர் மாறினவை, வயித்தில பிள்ளை உள்ளவை, பால் குடுக்கிறவை, கட்டுக்குள்ள இல்லாத சீனி, மூட்டுவாதம் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கிற வருத்தங்கள், ஏற்கனவே கண் நல்லாக் காஞ்சிருக்கிறவை. கொன்ராக்ற் லென்ஸ் போடுறவை அளவெடுக்க முதல் மென்மையானது எண்டால் ரெண்டு கிழமையாவது கழட்டி வைக்கவேணும், கடினமானது எண்டால் இன்னும் கூட, இல்லாட்டி லென்ஸ் அமத்தின வடிவத்தைத்தான் மெசின் உங்கட கோர்னியா எண்டு நினைக்கும்.

பவர் மைனஸ் 10, கோர்னியா 520 எண்டு வாற ஆளுக்குக் கணக்கைப் போட்டால் சீவவேண்டியது 141, லேசிக்கில மிஞ்சுறது 269. இப்பிடியான கண்ணுக்கு லேசரே வேண்டாம், ஐசிஎல் எண்டு கண்ணுக்குள்ளயே, கருமணிக்குப் பின்னால இயற்கை லென்சுக்கு முன்னால, ஒரு மெல்லிய லென்சை வைக்கிற வழி இருக்கு. கோர்னியாவில சதை எடுக்கிறேல்லை, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். கண்ணுக்குள்ள போறதால கிருமி, கண் அழுத்தம், வேளைக்கே கற்றறாக்ற் எண்ட ஆபத்துகள் சின்ன அளவில இருக்கு, உள்ள இடமும் காணவேணும், விலையும் கூட. கூடின பவர் ஆளுக்கு இது எந்த ஸ்மைலையும் விட நல்ல கேள்வி.

நாப்பது வயசுக் கணக்கு

42 வயசு, மைனஸ் 3. இவர் பேப்பர் வாசிக்கேக்க கண்ணாடியைக் கழட்டி வைப்பார், ஏனெண்டால் மைனஸ் கண் தானாவே கிட்டப் பாக்கும். லேசர் போட்டு பவரைப் பூச்சியமாக்கினால் தூரம் தெளியும், கையில இருக்கிற கலியாணக் காட் மங்கும், அண்டைக்கே வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கவேணும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விடுற வழி ஒண்டு இருக்கு, அது பழக்கப்படாத ஆக்களும் இருக்கினம், அதால முதல் கொன்ராக்ற் லென்சால ஒரு கிழமை போட்டுப் பாத்திட்டு முடிவெடுக்கவேணும்.

இன்னொண்டு, கண்ணின்ர நீளம் லேசரால மாறாது எண்டு மேல சொன்னது எல்லே. நீண்ட கண்ணில விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிருக்கும், கிழியிற ஆபத்து கண்ணாடியைக் கழட்டினாலும் அப்பிடியே நிக்கும். மைனஸ் 8 காரர் லேசர் போட்டு கண்ணாடி இல்லாமல் திரிஞ்சாலும் அவர் மைனஸ் 8 காரர்தான், மின்னல் மாதிரி வெட்டினாலோ கரும்புள்ளி மழையாக் கொட்டினாலோ அண்டைக்கே காட்டவேணும்.

இஞ்ச இருந்து போறவைக்கு

கொழும்பு எண்டால் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட, பலாலியால சென்னை, திருச்சி எண்டால் பறப்பு சின்னன் ஆனால் பாஸ்போட், செலவு. ஒப்பரேசன் எங்க எண்டு யோசிக்கிற ஆக்கள் பிறகு பாக்கிறது எங்க எண்டு யோசிக்கிறது குறைவு. அடுத்த நாள், ஒரு கிழமை, ஒரு மாசம், மூண்டு மாசம் எண்டு காட்டவேணும். லேசிக், ஸ்மைல் எண்டால் ஒரு கிழமை தங்கி முதல் ரெண்டையும் முடிச்சு வரலாம். பிஆர்கே எண்டால் கட்டு லென்ஸ் கழட்டிற வரைக்கும் கட்டாயம் அங்க நிக்கவேணும், பிறகும் மாசக்கணக்கில சொட்டு மருந்து, அந்த மருந்தில ஸ்டீரோயிட் இருக்கிறதால கண் அழுத்தம் அளக்கவேணும். இஞ்ச ஒரு கண் டொக்டர் இதைப் பொறுப்பெடுப்பாரா எண்டு போக முதலே கேட்டு வையுங்கோ.

கலியாணத்துக்கு முதல் கண்ணாடியைக் கழட்டவேணும் எண்டு வாற பிள்ளையளுக்கு: மணவறையில ஓமப்புகைக்கு முன்னால மணித்தியாலக் கணக்கா இருக்கப்போறியள். மூண்டு மாசம் முன்னால முடியுங்கோ, பிஆர்கே எண்டால் இன்னும் முன்னால. முதல் கிழமையளில கண்ணுக்குள்ள தண்ணி படக்கூடாது, அதால கிணத்தடியில தலையில வாளியை ஊத்திற குளிப்பு, கீரிமலைக் கேணி ரெண்டும் டொக்டர் விடும் வரைக்கும் இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலம் எண்டால் வீதி மணலும் சனமும் வேற. திருநீறை நெத்தியில பூசேக்க கண்ணை மூடிக்கொண்டு, உதிர்றதைத் தட்டிவிட்டுப் பிறகு திறவுங்கோ, சின்ன விசயம் மாதிரித் தெரியும், புதுசா மூடின மேல்தோலில அந்தத் தூள் பட்டால் தெரியும்.

டொக்டருக்கு முன்னால இருக்கேக்க கேக்கவேண்டியது இவ்வளவும்தான்:

1. என்ர கோர்னியா நடுவில எத்தினை மைக்ரோன், பின்பக்க வரைபடம் ஒழுங்கா இருக்கா?
2. நீங்கள் சொல்ற முறையில எவ்வளவு எடுப்பியள், எவ்வளவு மிஞ்சும்?
3. பவர் மிஞ்சினால் ரெண்டாந்தரம் எப்பிடித் திருத்துவியள், அதுக்குக் காசு தனியா?
4. எனக்கு பிஆர்கே ஏன் வேண்டாம் எண்டுறியள்?

நாலாவதுக்கு "அது பழசு" எண்டு மட்டும் பதில் வந்தால் அது பதில் இல்லை.

வெளிக்கிட முதல் அளவுக் காகிதங்களின்ர கொப்பியை, பழைய பவர், கோர்னியா வளைவு, தடிப்பு, எடுத்த ஆழம் எல்லாம் உள்ளது, கையோட வாங்குங்கோ. சீவின கோர்னியாவில கண் அழுத்தம் இருக்கிறதை விடக் குறைவாக் காட்டும், குளோக்கோமா எண்ட கண் அழுத்த வருத்தம் பாக்கிறவருக்கு அது தெரியவேணும். கற்றறாக்றுக்கு வைக்கிற லென்சின்ர பவரைக் கணக்கிடுறதும் கோர்னியா வளைவை நம்பித்தான், லேசர் அடிச்ச கண்ணில அந்தக் கணக்கு வழுக்கும். காணி உறுதி வைச்சிருக்கிற அலுமாரித் தட்டில அந்தக் காகிதத்தையும் வையுங்கோ, 60, 65 வயசில கற்றறாக்றுக்குப் போய் இருக்கேக்க அந்த டொக்டர் முதல் கேக்கப்போறது அதைத்தான்.